நாற்பது முதுகுகள்

"கூட்டிட்டு வா. அம்புட்டுதான் உன் சோலி."

எம்.எல்.ஏ. அய்யாத்துரை வெற்றிலைக் காம்பைக் கிள்ளியபடியே சொன்னார். துல்கர்னைன் ஆஸ்டின் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே குரலில், இதே வார்த்தைகளைக் கேட்டவன் அவன். அன்றைக்கு அவன் ஜீப்பில் கூட்டிக்கொண்டு போனது ஒரு பெண்ணை. அவள் திரும்பி வரவில்லை.

இன்றைக்கு அவளுடைய புருஷனைக் கூட்டிவரச் சொல்கிறார்.

1962, ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை. தென்காசியில் அய்யாத்துரையின் மரடிப்போ வாசலில் அறுத்த தேக்கின் வாசனை தூக்கியது. உள்ளே, அய்யாத்துரையின் வலதுகையான மாடக்கண்ணு ஓர் இளநீரை இடதுகையில் ஏந்தி ஒரே வெட்டில் சீவினான். அரிவாளில் வழிந்த தண்ணீரை வேட்டியில் துடைத்துக்கொண்டு துல்கர்னைனைப் பார்த்துச் சிரித்தான்.

"மொதலாளி, அண்ணாச்சி என்னைய ரெண்டாம் மணி அடிச்ச பெறவுதான் கோயிலுக்குக் கூட்டிப் போகச் சொல்லியிருக்காரு."

"அவரு சொல்லுவாரு. நீ மொத மணிக்கே கொண்டாந்து மருதமரத்தடியில நிப்பாட்டு. இறங்கி ரோட்டைப் பாத்து நடந்துரு."

"இன்னைக்கு ஜும்மா..."

"ஒரு வெள்ளி தொழலைன்னா அல்லா கோவிச்சுக்கிட மாட்டாரு துல்கரு. நான் கோவிச்சுக்கிடுவேன்." அய்யாத்துரை காரின் மூக்கைச் செல்லமாகத் தட்டினார். "டாக்சி பெர்மிட்டு எந்த மாசம்லே முடியுது?"

அந்த பெர்மிட்டை வாங்கிக் கொடுத்ததே அய்யாத்துரைதான். எதற்காக என்பது இருவருக்கும் தெரியும்.

அண்ணாச்சி என்றால் பால்வண்ணநாதன். அய்யாத்துரையின் அக்காள் புருஷன். இரண்டு தேர்தலில் வரிசையாக ஜெயித்த மனிதர். அவர் மேடையேறினால் சுரண்டைச் சந்தை வியாபாரத்தை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கும். ஏழு வருஷம் அவருக்கு ஜீப் ஓட்டியவன் துல்கர்னைன்.

1959 ஆனியில் ஊருக்குள் ஒரு பேச்சு கிளம்பியது. பள்ளிக்கூட டீச்சர் சண்முகசுந்தரியை எம்.எல்.ஏ. ரகசியமாகக் கட்டிக்கொண்டார் என்று. வீட்டில் மனைவி முத்துவடிவு இருக்கும்போது இன்னொரு கல்யாணம் சட்டப்படி குற்றம். பதவி ஆடியது. மச்சினன் அய்யாத்துரைதான் யோசனை சொன்னார்: "அத்தான், உச்சிமாடன் பீடத்துல சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணிருங்க. ஊர் வாய் அடைஞ்சிரும்."

பால்வண்ணநாதன் அணைத்தார். சிற்றாற்றங்கரையில், ஊர் பார்க்க, எரிகிற சூடத்தை வலது உள்ளங்கையால் அடித்து அணைத்து, "அந்தப் பொண்ணுக்கும் எனக்கும் ஒரு ஒட்டும் கிடையாது" என்றார்.

பதினோராம் நாள் விடிந்தபோது தென்காசிச் சுவரெல்லாம் ஒரு போட்டோ. கொல்லத்து ஸ்டூடியோவில் எடுத்தது. மாலையும் கழுத்துமாக அவரும் டீச்சரும். பதவி போனது, கட்சி போனது, முத்துவடிவு கதவைச் சாத்தினாள். அதற்கு நாலாம் நாள் குற்றாலத்துப் பொங்குமாங்கடல் மடுவில் டீச்சரின் உடல் மிதந்தது. வெட்கம் தாளாமல் அருவியில் குதித்துவிட்டாள் என்று ஊர் சொன்னது. போலீசும் அப்படியே எழுதியது. இடைத்தேர்தலில் அய்யாத்துரை நின்றார்; ஜெயித்தார்.

ரெண்டாம் தாரத்தை ஊர் மன்னித்திருக்கும். ரெண்டு வீடு வைத்தவர்களை அந்த ஊரில் விளக்குப் பிடித்துத் தேட வேண்டியதில்லை. பொய்ச்சூடத்தைத்தான் மன்னிக்கவில்லை. மாடனிடம் பொய் சொன்னவனுக்கு என்ன நடந்தாலும் அது மாடன் கொடுக்கிற அடி. குறுக்கே போனவன் குடும்பம் விளங்காது. முதல் வருஷம் பட்டப்பகலில், பஜாரில், உலக்கையால் அடித்து அவருடைய இடதுகையை முறித்தார்கள். அடுத்த வருஷம் இடதுகாதில் பாதியை அரிந்தார்கள். போலீஸ் வந்து விசாரித்தது. கடைவீதி முழுக்க இருந்தும் பார்த்தவர் ஒருவர் இல்லை.

அவரும் புகார் கொடுக்கவில்லை. யாரையும் எதிர்த்துக் கை ஓங்கவில்லை. அடிப்பது மாடன்தான் என்று ஊரைவிட அவர்தான் கெட்டியாக நம்பினார்.

இந்த ஆடிக் கொடைத் திருவிழாவில் தப்புக் கட்ட வருகிறார். சேவல் கொடுத்து, பீடத்தில் மறுபடி சூடம் ஏற்றி, ஊர் முன்னால் உண்மையைச் சொல்லிவிட்டால் பழைய பொய் கழியும். பூசாரியும் சம்மதித்துவிட்டார்.

"தப்பைக் கட்டிட்டாருன்னா நாளையிலருந்து ஊருக்குக் கண்ணு முளைச்சிரும்லே" என்றார் அய்யாத்துரை. "கண்ணு முளைச்சா வாயும் முளைக்கும். அதுக்கு முந்தி, ரெண்டு மணிக்கும் நடுவுல, சோலி முடியணும்."

உச்சிமாடன் கொடையில் நடுப்பகலில் முதல் மணி அடித்ததும் சாமியாடி பந்தம் ஏந்தி மயானத்துக்கு வேட்டைக்குப் போவார். மேளம் நிற்கும். கூடியிருக்கும் ஆம்பளைகள் அத்தனை பேரும் மதில் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும். அவர் திரும்பி வந்து இரண்டாம் மணி அடிக்கும் வரை எந்தக் குரல் கூப்பிட்டாலும் திரும்பக்கூடாது. தெரிந்தவன் குரலில் கூப்பிடுவதுதான் மாடனின் வழக்கம். திரும்பினவன் ரத்தம் கக்குவான்.

"தாயே கூப்பிட்டாலும் திரும்ப மாட்டானுவ" என்று உள்ளேயிருந்து மாடக்கண்ணு சொன்னான். "அவரு தொண்டை கிழியக் கத்தட்டும்."

*

குற்றாலத்துப் பேரருவி அன்றைக்குச் சாரலோடு கொட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் பூசிய உடம்புகளுக்கு நடுவே, ஒரு பாறை ஓரத்தில் பால்வண்ணநாதன் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் எட்டு ஒன்பது துணிக்குவியல். மடியில் மூன்று மூக்குக்கண்ணாடி. கோணலாகக் கூடிய இடதுகையில் முழங்கை வரைக்கும் வரிசையாகக் கைக்கடிகாரங்கள். குளிக்கிறவர்களின் துணிமணிக்குக் காவல் இருப்பதுதான் இப்போது அவருடைய பிழைப்பு. நம்பிக் கொடுப்பவர்கள் மதுரைக்காரர்களும் கோவில்பட்டிக்காரர்களும். அவர் யாரென்று தெரியாதவர்கள்.

தெரிந்தவன் ஒருவன் அப்போது வந்தான். தென்காசியில் மளிகைக்கடை வைத்திருப்பவன். கடைக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவரே பால்வண்ணநாதன்தான். ஈரத்துண்டின் நுனியை முடிச்சுப் போட்டு, கையைச் சுழற்றி, அவர் வாயில் ஓங்கி அடித்தான். உதடு கிழிந்து, ஒரு பல் பாறையில் விழுந்து உருண்டது.

"இங்கனயும் உக்காந்து ஊரை ஏமாத்துதியா? பொய்ச்சூடத்துக்குப் பொறந்தவனே!"

"யோவ்! பெரியவரை எதுக்குய்யா அடிக்கிறே?" என்று ஒரு மதுரைக்காரர் பாய்ந்தார். உள்ளூர்க்காரர் ஒருவர் அவர் தோளைப் பிடித்துத் தண்ணீர்ப்பக்கம் திருப்பினார். "நீங்க குளிங்க சார். அது சாமி காரியம்."

மளிகைக்காரன் இன்னும் இரண்டு அடி போட்டான். பால்வண்ணநாதன் மடியிலிருந்த கண்ணாடிகள் உடைந்துவிடாமல் கையால் மூடிக்கொண்டாரே தவிர, முகத்தை மறைக்கவில்லை. அவன் போன பிறகு ரத்தத்தைத் துப்பினார்.

"வந்துட்டியாலே துல்கரு? ஒரு மணி நேரம் முந்தில்லா வந்திருக்கே?"

"வாரும் அண்ணாச்சி. போகலாம்." துல்கர்னைன் அந்தப் பல்லைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டான்.

அவர் ஒவ்வொரு கடிகாரமாகக் கழற்றி உரியவரிடம் கொடுத்துவிட்டு, பாறை இடுக்கில் வைத்திருந்த கூடையை எடுத்துக்கொண்டார். உள்ளே ஒரு செஞ்சேவல் கழுத்தை நீட்டிப் பார்த்தது.

ஆஸ்டினுக்கு பாட்டரி செத்து மாசம் இரண்டாகிறது. துல்கர்னைன் முன்பக்கம் ஹேண்டிலைச் சொருகி நாலு சுற்றுச் சுற்றினான். வண்டி இருமிக்கொண்டு உயிர் பெற்றது. முழநீள இரும்பு ஹேண்டிலைப் பின்சீட்டில், அவர் காலடியில் போட்டுவிட்டு ஏறினான்.

*

வழியெல்லாம் அவர்தான் பேசினார். மூன்று வருஷமாகப் பேச ஆள் கிடைக்காதவர்.

"தப்பைக் கட்டிட்டா சுந்தரி பேரை வாய்விட்டுச் சொல்லலாம் பாரு. இத்தனை நாளா மனசுக்குள்ளதான் சொல்லுதேன்." கிழிந்த உதட்டைத் துண்டால் ஒற்றினார். "பொய் சொன்னவன் நான். மாடன் என்னையல்லா எடுத்திருக்கணும்? அவளை எடுத்துக்கிட்டான். நான் மட்டும் அந்தச் சூடத்தை அணைக்காம இருந்திருந்தா அவ இன்னைக்கும் பள்ளிக்கூடத்துல பாடம் நடத்திக்கிட்டு இருப்பா."

துல்கர்னைன் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சட்டைப்பையில் தொழுகைத் தொப்பி. வீட்டில் மனைவி ஷமீம் பானு, இரண்டு பெண் பிள்ளைகள். இன்னும் இரண்டு மைல். மருதமரத்தடியில் நிறுத்தி, இறங்கி நடந்துவிட்டால் போதும். நடந்துவிடலாம். அன்றைக்கு நடந்தவன்தானே.

"மாடன் எடுக்கலை அண்ணாச்சி."

வாயிலிருந்து அது தானாக விழுந்துவிட்டது.

"என்னலே?"

அவன் இடதுகையைத் தன் சீட்டுக்கு அடியில் விட்டு ஒரு குடையை இழுத்துப் பின்னால் நீட்டினான். பழைய கறுப்புக் குடை. துணியின் ஓரத்தில் வெள்ளை நூலால் 'ச.சு.' என்று தைத்திருந்தது. பள்ளிக்கூடத்தில் குடை மாறிவிடாமல் இருக்க டீச்சர் அவள் கையாலேயே தைத்தது.

"அன்னைக்கு டீச்சரை ஜீப்புல கூட்டிட்டுப் போனது நான்தான். அண்ணாச்சி மலைமேல நிக்காரு, உங்களப் பாக்கணும்கிறாருன்னு சொல்லச் சொன்னான் அய்யாத்துரை. சொன்னேன். நம்பி வந்தா. குடையை ஜீப்புல மறந்துட்டு ஏறிப் போயிட்டா. சாரல் அடிக்குதே, குடுத்துட்டு வந்துருவோம்னு பின்னாலயே ஓடினேன். பாறை திரும்புற இடத்துல பாத்தேன். மாடக்கண்ணு முடியைப் பிடிச்சிருந்தான். உம்ம மச்சினன்..."

மேலே பேச முடியவில்லை. பின்னாலிருந்து துண்டு அவன் கழுத்தில் விழுந்து இறுகியது.

கார் சாலையை விட்டு விலகி மைல்கல்லில் மோதி நின்றது. ஒரு விளக்கு நொறுங்கியது. சேவல் கூடைக்குள் கிடந்து அலறியது. முறிந்து கூடிய கைதான். ஆனால் மூன்று வருஷத்து அடிகள் அத்தனையும் அந்த இரண்டு கையிலும் திரும்பி வந்துவிட்டாற்போல் பால்வண்ணநாதன் இழுத்தார். துல்கர்னைனின் கண்ணில் ரத்தம் கட்டியது. நாக்கு வெளியே தள்ளியது. அவன் கழுத்துத் துண்டைப் பிடித்து விலக்கவில்லை. சாகட்டும் என்று விட்டுவிட்டான்.

"மூணு வருசம்! மூணு வருசம் என் மூஞ்சியைப் பாத்து சலாம் போட்டியே, நாயே! ஏன்லே சொல்லலை?"

"ஜீப்பு... ஓட்டினது நீ... தூக்குன்னா உனக்கும்தான்னான்." தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது. "இன்னைக்கும்... என்னையத்தான்... அனுப்பியிருக்கான்."

துண்டு தளர்ந்தது.

துல்கர்னைன் இருமி இருமி, முதல் மணி, மருதமரம், அரிவாள் எல்லாவற்றையும் சொன்னான். பால்வண்ணநாதன் குடையை மடியில் வைத்துக்கொண்டு அந்த இரண்டு எழுத்தையும் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"முடியைப் பிடிச்சது மாடக்கண்ணு. அவன்?"

"ரெண்டு காலையும் தூக்கிவிட்டது அவன்தான்."

"அவ கத்தினாளா?"

"'அவங்க எங்க, அவங்க எங்க'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. உம்மையத்தான்."

அவர் தன் அரிந்த காதுப்பக்கம் வழிந்த வியர்வையைத் துடைத்தார்.

"அப்போ என் கையை முறிச்சது?"

"மாடக்கண்ணு."

"காது?"

"அவன்தான் அண்ணாச்சி. எல்லாம் அய்யாத்துரை சொல்லித்தான். மளிகைக்காரன் மாதிரிச் சில்லறைகதான் சொந்தமா அடிக்கிறது."

"மாடன் ஒரு அடிகூட அடிக்கலையாலே?"

அவர் சிரித்தார். பல் போன இடத்தில் ரத்தம் கசிந்தது. துல்கர்னைன் அந்தச் சிரிப்புக்குப் பயந்து கதவோடு ஒட்டிக்கொண்டான்.

"வண்டியை எடு."

"குத்தாலத்துக்கா?"

"மருதமரத்துக்கு. அவன் சொன்ன நேரத்துக்கு."

துல்கர்னைன் இறங்கி, வண்டியைப் பின்னால் தள்ளி, ஹேண்டிலைப் போட்டுச் சுற்றிக் கிளப்பினான். மறுபடி காலடியில் போடப் போனபோது அவர் கையை நீட்டினார்.

"அதை இங்கன குடு. குடையை நீ வச்சுக்க."

*

சிற்றாற்றங்கரையில் மேளம் உச்சத்தில் இருந்தது. பந்தலுக்குள் நாற்பது ஆம்பளைகள். பீடத்தில் சந்தனமும் செவ்வரளியும். ஆஸ்டின் மருதமரத்தடியில் போய் நிற்கவும், முதல் மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

மேளம் வெட்டிவிட்டாற்போல் நின்றது. சாமியாடி பந்தத்தோடு மயானத்தைப் பார்த்து ஓடினார். நாற்பது பேரும் மதிலைப் பார்த்துத் திரும்பினார்கள். வியர்வை மின்னும் நாற்பது முதுகுகள். ஆற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

மரத்துக்குப் பின்னாலிருந்து மாடக்கண்ணு வந்தான். கையில் அரிவாள். காரை மறித்தாற்போல் பின்பக்கம் கடையத்துக்காரன் ஒருவன் வேல்கம்போடு நின்றான். பத்தடி தள்ளி அய்யாத்துரை, வெள்ளைச் சட்டையில் கறை படாத தூரத்தில்.

'இறங்கி நட' என்பதுபோல் மாடக்கண்ணு துல்கர்னைனுக்குக் கண்ணைக் காட்டினான். துல்கர்னைன் இறங்கவில்லை. இஞ்சினையும் அணைக்கவில்லை.

மாடக்கண்ணு பின்கதவைத் திறந்து குனிந்தான். "வாங்க எம்.எல்.ஏ. ஐயா. மாடன் கூப்பி..."

ஹேண்டிலின் முனை அவன் வாய்க்குள் புகுந்து பின்கழுத்து எலும்பில் போய் முட்டியது. சத்தமே வரவில்லை. இரண்டாம் குத்தில் தாடை கழன்று தொங்கியது. அரிவாளைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அவன் மல்லாக்க விழுந்தான். விழுந்தவன் நெஞ்சில் பால்வண்ணநாதன் இறங்கி நின்றார்.

கடையத்துக்காரன் வேல்கம்பை ஓங்கிக்கொண்டு பின்னாலிருந்து பாய்ந்தான். துல்கர்னைன் ரிவர்ஸ் கியரைத் தள்ளி மிதித்தான். ஆஸ்டின் ஒரு முக்கு முக்கிப் பின்னால் பாய்ந்து, அவனை மருதமரத்தோடு சேர்த்து அறைந்தது. தொடையெலும்பு முறிந்தது சீட்டு வரைக்கும் கேட்டது. அவன் போட்ட அலறலில் ஆற்றங்கரைக் கொக்குகள் எழுந்து பறந்தன.

ஒரு முதுகும் திரும்பவில்லை.

அய்யாத்துரை ஓடுவார் என்று துல்கர்னைன் நினைத்தான். ஓடவில்லை. கீழே கிடந்த அரிவாளை எடுத்துக்கொண்டு அத்தானின் முதுகுக்குப் பாய்ந்தார். துல்கர்னைன் காரிலிருந்து குதித்து, கையில் கிடைத்ததோடு குறுக்கே விழுந்தான். கிடைத்தது குடை. அரிவாள் குடைக்கம்பியையும் அதைப் பிடித்திருந்த இரண்டு விரலையும் சேர்த்துச் சீவியது. விரல்கள் மண்ணில் விழுந்து துடிப்பதை அவனே பார்த்தான். வலி பிறகுதான் வந்தது.

பால்வண்ணநாதன் திரும்பினார். முதல் அடி அய்யாத்துரையின் மணிக்கட்டில், அரிவாள் பறந்தது. அடுத்தது முழங்காலில். பச்சைக் கம்பு ஒடிவதுபோல் ஒரு சத்தம். எம்.எல்.ஏ. உட்கார்ந்துவிட்டார்.

"ஏலே! திரும்புங்கலே! நான் அய்யாத்துரை! என்னைக் கொல்லுதான்!"

முதுகுகள் இன்னும் கொஞ்சம் மதிலோடு ஒட்டின.

"டேய், எம்.எல்.ஏ. கூப்பிடுதேன்! பூசாரி! ஓய் பூசாரி!"

"திரும்பாதீங்கப்பா" என்று மதில் பக்கமிருந்து ஒரு கிழட்டுக் குரல் நடுங்கியது. "அசல் நம்ம எம்.எல்.ஏ. குரல்லயே கூப்பிடுதான் பாரு. பொல்லாதவன்."

அய்யாத்துரையின் முகம் வெளுத்தது. கையால் மண்ணைப் பிறாண்டிக்கொண்டு பீடத்தைப் பார்த்து நகர்ந்தார். பால்வண்ணநாதன் அவசரப்படாமல் பின்னாலேயே நடந்து, அடுத்த காலையும் ஒடித்தார்.

"அத்தான்... அத்தான், அக்கா தாலி..."

"சுந்தரி காலை எந்தக் கையால பிடிச்சே?"

"நான் இல்ல அத்தான், மாடக்கண்ணு..."

ஹேண்டில் வலது முழங்கையில் இறங்கியது.

"எந்தக் கை?"

"ரெண்டும்! ரெண்டு கையாலயும்தான்! போட்டோ ஒட்டினது நான்தான்னு அவ கண்டுபிடிச்சிட்டா. வெளியே சொல்லிருவேன்னா! என்ன செய்யச் சொல்லுதீரு? தள்ளிவிட்டேன்!" அது அந்த வெளி முழுக்க எதிரொலித்தது. நாற்பது ஜோடிக் காதுகளிலும் விழுந்தது.

"அண்ணாச்சி, போதும்" என்றான் துல்கர்னைன். விரல் அறுந்த கையைத் தொழுகைத் தொப்பியால் இறுக்கிக் கட்டியிருந்தான். வெள்ளைத் துணி சிவந்துகொண்டே வந்தது. "வாயால சொல்லிட்டான். போலீசு பாத்துக்கிடட்டும்."

"யாரு கேட்டாங்கலே அவன் சொன்னதை?" பால்வண்ணநாதன் அந்த முதுகுகளைக் காட்டினார். "இவனுவளா?"

அவர் ஹேண்டிலை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினார். துல்கர்னைன் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. மூன்று அடி. மூன்றாவதற்கு அய்யாத்துரையின் தலை பழைய வடிவத்தில் இல்லை.

இரண்டாம் மணி அடித்தது.

*

நாற்பது பேரும் திரும்பினார்கள். பந்தத்தோடு வந்த சாமியாடி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

பால்வண்ணநாதன் கார்க் கதவைத் திறந்து கூடையை எடுத்துவந்தார். சேவலைப் பூசாரி கையில் கொடுத்தார். பூசாரி வாங்கிக்கொண்டார். மடியில் முடிந்து வைத்திருந்த சூடத்தைப் பீடத்தில் வைத்து ஏற்றினார் பால்வண்ணநாதன்.

"மூணு வருசத்துக்கு முந்தி இங்கன நான் பொய் சொன்னேன். சண்முகசுந்தரி என் பொஞ்சாதி. கொல்லத்துல வச்சு நான் தாலி கட்டுனவ." ரத்தம் பிசுபிசுத்த உள்ளங்கையால் சூடத்தை அடித்து அணைத்தார். கருகின வாடை வந்தது. அங்கேயே பீடத்தடியில் உட்கார்ந்தார்.

பாதுகாப்புக்காக ரோட்டில் நின்ற சப்-இன்ஸ்பெக்டர் அருமைநாயகம் கால் மணியில் வந்துவிட்டார். மரத்தடியில் கிடந்த இருவரையும் பார்த்தார், அய்யாத்துரையைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார்.

"யாருய்யா பாத்தது?"

"மணிக்கு நடுவுல யாரு சார் பாப்பா?" என்றார் பூசாரி.

"சத்தம் கேட்டிருக்குமே?"

"மாடன் சத்தம்தான் கேட்டது" என்றது கூட்டம். "உச்சி வேட்டையில எதிர்க்க நின்னுட்டாரு எம்.எல்.ஏ. ஐயா. சாமி அடிச்சிருச்சு." ஒருவர் பின் ஒருவராக அதையே சொன்னார்கள். அத்தனை வருஷமும் பால்வண்ணநாதனுக்குச் சொன்னதை இன்றைக்கு அய்யாத்துரைக்குச் சொன்னார்கள். ஒரு வார்த்தை மாறவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் பால்வண்ணநாதனிடம் குனிந்தார். "நீரா அடிச்சீரு?"

"ஆமா."

"எதுக்கு?"

"அதைச் சொல்ல வேண்டியவன் நான் இல்ல. நான் அன்னைக்கு அங்கன இல்லை."

எல்லார் கண்ணும் காருக்குப் போனது. துல்கர்னைன் பானெட்டில் சாய்ந்து நின்றான். சப்-இன்ஸ்பெக்டர் அவனைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய், தோளில் கை போட்டு, தணிந்த குரலில் பேசினார்.

"இங்க பாரு துல்கரு. பிள்ளைகுட்டிக்காரன் நீ. மாடக்கண்ணு அரிவாளை எடுத்தான், விரல் போச்சு, மயங்கிட்டே. ஒண்ணும் பாக்கலை. அப்படித்தானே? பெரியவரு புத்தி பேதலிச்சு உளறுதாரு. நாலு நாள் ஆஸ்பத்திரியில வச்சு விட்டுரலாம். ஊரே ஒண்ணுபோல சொல்லுது. நீயும் சொல்லிட்டா முடிஞ்சுது."

நல்ல யோசனை. துல்கர்னைன் அதை நன்றாக யோசித்தான். அண்ணாச்சி தூக்குக்குத் தப்புவார். இவன் வீட்டுக்குப் போவான். கட்டுப் போட்ட கையோடு ஷமீம் பானு சோறு ஊட்டுவாள். ஆஸ்டின் அடுத்த சீசனுக்கும் ஓடும். டீச்சர் வெட்கத்தில் குதித்துச் செத்தவளாகவே இருந்துவிடுவாள்.

பீடத்தடியிலிருந்து பால்வண்ணநாதன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சவில்லை, மிரட்டவுமில்லை. அவன் கழுத்தில் அவருடைய துண்டு கிழித்த தடம் எரிந்தது.

"நான் மயங்கலை சார்" என்றான்.

"அடே..."

"மதிலைப் பாத்தும் நிக்கலை. எனக்கு அந்தச் சட்டம் கிடையாது. எல்லாம் பாத்தேன்." அவன் குனிந்து, மண்ணில் கிடந்த குடையை இடதுகையால் எடுத்தான். பாதி வெட்டுப்பட்ட துணியில் 'ச.சு.' அப்படியே இருந்தது. "மொதல்ல இதை வாங்கி வச்சுக்கிடுங்க. பெறவு எழுதுங்க."

சப்-இன்ஸ்பெக்டர் நோட்டைத் திறந்தார். பேனா முனை தாளுக்கு மேலே நின்றது.

"இன்னைக்கு உச்சியில நடந்ததுதானே?"

"இல்ல சார். அம்பத்தொம்பது, ஆனி மாசக் கடைசி. காலையில எட்டு மணி இருக்கும். நல்ல சாரல்." துல்கர்னைன் மூச்சை இழுத்து விட்டான். "ஜீப்பை ஓட்டினது நான்."